டீச்சரின் ப்ரோச்சுக்கு மெருகு போட்டவள்

கிள்ளானில் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு நகைகூட மங்கலாகத் திரும்பிப் போனதில்லை. அறுந்த சங்கிலியை ஒட்டக் கொடுத்தாலும் சரி, தொலைந்துபோன திருகாணிக்குப் பதில் புதிதாக ஒன்று போடக் கொடுத்தாலும் சரி, வாங்கிப் போகும்போது முழு நகையும் பளபளவென்று இருக்கும். ஒட்டுவது என் வீட்டுக்காரர் வேலை, மெருகு போடுவது என் வேலை. மெருகு போடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேட்காமலே செய்துகொடுப்பதில்தான் எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான், ஒரு தாயிடம் மிச்சமிருந்த மகளின் விரல் ரேகையை அழித்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் காப்பார் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்வரை தங்கத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. வந்த புதிதில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நகைகளை ஊறவைத்து, பிரஷால் தேய்த்துக் கொடுப்பேன். பிறகு அவர் பஞ்சுச் சக்கரம் வைத்த மோட்டார் ஒன்று வாங்கி வந்தார். சக்கரத்தில் சிவப்பு மெழுகைத் தொட்டு, நகையைக் கொஞ்ச நேரம் காட்டினால் போதும், முகம் பார்க்கலாம். மோட்டார் வந்த பிறகு எனக்குக் கொஞ்சம் திமிரும் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் நான் தேய்த்த வளையலைப் போட்டுக்கொண்டு யாராவது நின்றால், பந்தலின் அந்தக் கோடியிலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவேன்.

டீச்சர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. யாழ்ப்பாணத் தமிழர். கிள்ளானில் பெண்கள் பள்ளி ஒன்றில் பல வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாற்றலாகி கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் இருந்த சொந்த வீட்டுக்குப் போனவர். கணவர் ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து, சீக்கிரமே காலமாகிவிட்டார். ஒரே ஒரு மகள். அந்தக் குழந்தைக்குக் காது குத்தியபோது தோடு செய்தது என் மாமனார். அந்த உறவை விடாமல், ஒரு சின்னக் கொக்கி வளைந்தாலும் டீச்சர் பஸ் பிடித்து கிள்ளானுக்கு வருவார். கஞ்சி போட்ட மெல்லிய பருத்தி வாயில் சேலை, இடது தோளில் மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்த ஒரு ப்ரோச், கையில் குடை. அவர் வந்து நின்றால் என் வீட்டுக்காரர் பனியனுக்கு மேல் சட்டையைத் தேடுவார்.

மகள் லண்டனுக்குப் படிக்கப் போனாள். சட்டம் படிக்கப் போயிருக்கிறாள் என்றுதான் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பேச்சு. டீச்சரும் அதை மறுத்துச் சொன்னதில்லை. ஒருநாள் எங்கள் பட்டறையில் வேறு யாரும் இல்லாத சமயம் பார்த்து, குரலைத் தணித்து, அவள் சட்டத்தை இரண்டாம் வருஷமே விட்டுவிட்டாள், ஓவியக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து நகை செய்யப் படிக்கிறாள் என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். சபையில் சொல்ல முடியாத ஒன்றை எங்களிடம் சொல்லியாகிவிட்டது என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அது எங்களுக்கு மரியாதையா அவமரியாதையா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம வேலையப் படிக்கிறதுக்கா லண்டன் போயிருக்கு? இங்க வந்து ஊதுகுழலப் புடிச்சிருந்தா நான் சும்மாவே சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றார்.

எழுபதுகளின் நடுவில் ஒருமுறை அவள் லீவுக்கு வந்தாள். அம்மாவோடு எங்கள் பட்டறைக்கும் வந்தாள். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள், முழுக்கால் சட்டை போட்டிருந்தாள், விரலில் ஒரு மோதிரம். அந்த மோதிரத்தைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. கிணற்றுச் சுவரில் பெயர்ந்த காரை மாதிரி சொரசொரவென்று தங்கம். அதன் நடுவில், மண்ணிலிருந்து தோண்டி அப்படியே வைத்ததுபோல் பட்டை தீட்டாத ஒரு பச்சைக்கல். படிக்கிற பிள்ளை, கை பழகப் பழகச் சரியாக வரும் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

லண்டனில் இப்போது இதுதான் புதுசு என்றாள். பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்களைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஒரு படத்தில் மரப்பட்டை போல் ஒரு வளையல். இன்னொன்றில் கொதித்து அப்படியே உறைந்துவிட்ட பாகு போல் ஒரு நெக்லஸ், நடுவில் உடைத்த கற்கண்டாக நீட்டிக்கொண்டு நிற்கும் கற்கள். அங்கே பணக்காரச் சீமாட்டிகள் இதைத்தான் தேடி வந்து வாங்குகிறார்களாம். தங்கம் என்றால் பளபளக்க வேண்டும், கல் என்றால் பட்டை தீட்ட வேண்டும் என்பதெல்லாம் பாட்டன் காலத்து நினைப்பாம். எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. நான் காலையிலிருந்து மோட்டார் முன்னால் உட்கார்ந்து செய்வது என்னவாம்?

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. மோதிரத்தைக் கழற்றச் சொல்லி வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொரு கீறலும் வேண்டுமென்று போட்டது, ஒன்றுகூடக் கை தவறி விழுந்ததில்லை என்றார். மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றிச் சுதை ஊற்றி, மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்தக் கூட்டுக்குள் தங்கத்தை ஊற்றுவது, கோயில் சிலை வார்க்கிற அதே வேலைதான் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். "மெழுகு மேல ஈ உக்காந்தாலும் அதோட கால் தடம் தங்கத்தில வந்துரும்" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று போகும்போது அவள் என் மோட்டாருக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். நான் ஒரு ஒட்டியாணத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க இங்க தேய்ச்சு எடுக்கிற சொரசொரப்பைப் போடுறதுக்குத்தான் நான் மூணு வருஷம் படிச்சேன்" என்றாள். கிண்டல்தான், ஆனால் பாசமான கிண்டல். நானும் பதிலுக்கு, உன் சாமானை ஒருநாள் என்னிடம் கொடு, நான் முடித்துத் தருகிறேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். டீச்சர் வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவரும் அன்றைக்குச் சிரித்தார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, பனிக்காலத்தில் ஒரு சாலை விபத்தில் அவள் லண்டனிலேயே இறந்துபோனாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அங்கேயே எரித்துவிட்டு, சாம்பலும் ஒரு பெட்டியும் வந்து சேர்ந்தன. நாங்கள் துக்கம் கேட்கப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். டீச்சர் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று கை கூப்பினார். எங்களைப் பார்த்தபோது மட்டும், மற்றவர்களுக்குக் கேட்கும்படியாகவே, "என்ர மகள் நல்ல நகை செய்வா, இவையளுக்குத் தெரியும்" என்றார். அந்த வீட்டில் அது முதல் தடவையாகச் சொல்லப்பட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம், முதல் திவசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, டீச்சர் பட்டறைக்கு வந்தார். ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு ப்ரோச். லண்டனிலிருந்து வந்த சாமான்களில் இருந்ததாம். டீச்சர் பென்ஷன் எடுக்கும் நாளில் கொடுக்கவென்று மகள் செய்து வைத்தது. குறுக்கே நீண்ட ஒரு மரப்பட்டைத் துண்டு போலத் தங்கம். அதன் நடுவே மெல்ல இறங்கும் ஒரு சின்னக் குழி, குழியின் மேல் முனையில் கலங்கலான ஊதா நிறத்தில் ஒரு செவ்வந்திக்கல், பட்டை தீட்டாதது, நான்கு கம்பி நகங்கள் அதைப் பிடித்திருந்தன. பின்பக்கம் குத்துகிற ஊசி ஒடிந்திருந்தது. "ஊசியை மட்டும் மாத்தித் தாங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்" என்றார். நான் திரைக்குப் பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை என் காதில் நன்றாகவே விழுந்தது.

விழுந்தது, ஆனால் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். இதை மட்டும் பாருங்கள், வேறு சிரமம் வேண்டாம் என்பார்கள். நாமும் சரி என்போம். மெருகு போட்டுக் கொடுக்கும்போது முகம் மலர்ந்துவிடும். இத்தனை வருஷப் பழக்கம் அது.

ஊசி மாற்றுவது சின்ன வேலை. பழைய கீலில் புதுக் கம்பியை நுழைத்துத் தட்டினால் முடிந்தது, நெருப்புக் காட்டவோ கல்லைக் கழற்றவோ தேவையில்லை. என் வீட்டுக்காரர் அதை முடித்து என் தட்டில் வைத்துவிட்டு, ஒரு வேலையாகப் போர்ட் கிள்ளானுக்குப் போய்விட்டார். அந்தத் தட்டில் எது இருந்தாலும் அது மெருகுக்குத்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் பழக்கத்தில் வைத்தார். நான் பழக்கத்தில் எடுத்தேன்.

பழக்கம் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ப்ரோச்சைக் கையில் எடுத்ததும் அந்தப் பெண் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அவள் என்ன சொன்னாள் என்பதும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் நான் அவளை நம்பவில்லை. சாவு வந்து பாதியில் பிடுங்கிக்கொண்ட வேலை, பாவம், முடிக்காமல் போய்விட்டாள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. முடித்துத் தருகிறேன் என்று சொன்னேனே, இதோ முடிக்கிறேன் என்று நினைத்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுதுகொண்டேதான் உப்புத்தாளை எடுத்தேன். மேடுகளைச் சமன்படுத்தினேன். நடுக்குழியில் மெல்லிய கோடுகளாக ஏதோ இருந்தன. அழுக்கு என்று நினைத்து அங்கே கூடுதலாகத் தேய்த்தேன். பிறகு சக்கரத்தில் காட்டினேன். அந்த வருஷம் நான் போட்ட மெருகிலேயே அதுதான் நல்ல மெருகு.

டீச்சர் வந்தபோது நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாராட்டுக்காக நின்றேன், வேறென்ன சொல்ல. அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. ப்ரோச்சை எடுத்து, வலது கைப் பெருவிரலைக் குழியில் வைத்து, மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினார். இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர் போல் அந்த விரல் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது.

"இதில என்ர மகளின்ர பெருவிரல் இருந்தது, பிள்ளை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த ப்ரோச்சோடு பெட்டிக்குள் மடித்து வைத்திருந்ததாம், மகள் எழுதியது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் படிக்க வராது, அவரே சொன்னார். மெழுகில் செய்யும்போது நடுவில் என் பெருவிரலை அழுத்தினேன். ரேகை அப்படியே தங்கத்தில் வந்திருக்கிறது, நான் அதைத் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். சேலையில் குத்தும்போது உங்கள் விரலை அங்கே வையுங்கள். இதுதான் கடிதத்தில் இருந்தது. மகளின் சாம்பலை ஆற்றில் கரைத்தாயிற்று. துணிமணிகளை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. தொட்டுப் பார்க்க அந்த இரண்டு விரற்கடை இடம்தான் டீச்சருக்கு இருந்தது. அதை நான் கண்ணாடியாக்கிக் கையில் கொடுத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்றுகூடக் கேட்கவில்லை. கடிதத்தை மடித்தார், பெட்டியை மூடினார், குடையை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டு, இதோடு போயிற்று என்று இருந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் வந்து விஷயம் தெரிந்ததும் கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. மெருகுத் தட்டில் வைத்தது யார், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா என்று திருப்பிக் கத்தினேன். சண்டை ஓய்ந்த பிறகு, மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அழுதேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று நிமிர்ந்து, அந்தக் குழி கல்லோடு நிற்கவில்லை, கல்லுக்கு அடியிலும் போகிறது என்றார். விரலின் நுனி கல்லுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். என் சக்கரம் அங்கே போயிருக்க முடியாது. நான்கு நகங்களை நிமிர்த்திக் கல்லை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேண்டுமானால் கல்லை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்து, ரேகையை வெளியே தெரியவிடலாம்.

மறுநாளே இரண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினோம். டீச்சர் எங்களை உட்கார வைத்து, கோப்பி போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்லக் கவனமாகக் கேட்டார். கடைசியில் டீச்சர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கட்டாயம் இருக்குமா? என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். கல்லை உட்கார வைப்பதற்காக அவளே அந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருக்கலாம், நாங்களாக இருந்தால் அப்படித்தான் செய்வோம், பார்த்தால்தான் தெரியும் என்றார்.

டீச்சர் ப்ரோச்சைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டார். "கழட்டிப் பாத்து அங்கேயும் ஒண்டும் இல்லையெண்டா நான் என்ன செய்யிறது? இப்ப கீழ இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன். அதையும் எடுத்துப் போடாதேங்கோ" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, இனி எப்போதும் அந்தக் கல்லைக் கழற்றக் கூடாது என்று சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகும் அவர் எங்களை விடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. வருஷத்துக்கு ஒருமுறையாவது வருவார், உறவினர் வீட்டு வேலைகளையும் எங்களிடமே அனுப்புவார். எப்போது வந்தாலும் தோளில் அந்த ப்ரோச். பேசிக்கொண்டிருக்கும்போதே கை அங்கே போய்விடும், பெருவிரல் குழியில் இறங்கி, கல்லின் விளிம்பில் முட்டி நிற்கும். ஒரு தைப்பூசத்தின்போது பத்துமலையில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், படிக்கட்டுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். எல்லாரும் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார், விரல் கல்லின் விளிம்பில் இருந்தது. நான் போய்ப் பேசாமல் வேறு பக்கமாகப் போய்விட்டேன்.

நானும் மெருகு போடுவதை விடவில்லை, பிழைப்பு அது. ஆனால் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். மெருகு போடலாமா என்று நான் கேட்டால் வாடிக்கைக்காரர்கள் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள். இது என்ன கேள்வி லா அக்கா என்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் அந்த ப்ரோச் மறுபடி எங்கள் பட்டறைக்கு வந்தது. டீச்சருக்கு முழங்கால் முடியாமல் போய்விட்டதால் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கல்லைப் பிடித்திருந்த நகங்களில் ஒன்று தேய்ந்து விலகிவிட்டது, கல் ஆடியது. என் வீட்டுக்காரர் அதை மேசைமேல் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஏற்கெனவே ஒன்று திறந்திருக்கிறது, இன்னும் இரண்டை நிமிர்த்தினால் கல் கையோடு வந்துவிடும், பார்த்துவிட்டு வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். இருந்தால் டீச்சரிடம் சொல்லலாம், இல்லாவிட்டால் நாம் இரண்டு பேரோடு போகட்டும்.

நான் கூடாது என்றேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றேன். ஒருமுறை டீச்சர் பேச்சைக் கேட்காமல் செய்தது போதாதா என்று என் வீட்டுக்காரர் மேலேயே பாய்ந்தேன். அவர் நகத்தை அழுத்தி மடக்கினார். எனக்கு அன்றைக்கு மனம் லேசாகக்கூட இருந்தது. பழைய தப்புக்குப் பாதியாவது ஈடு செய்துவிட்டதாக நினைத்தேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். சில மாதம் கழித்து, அவருடைய தம்பி மகள் ஷா ஆலமிலிருந்து காரில் வந்தாள். அரசாங்க ஆபீஸில் வேலை, நல்ல பெண். அவளுடைய மகள் பெரியவளாகியிருந்தாள், சடங்கு வைத்திருந்தார்கள். அத்தையின் நகைகள் சிலவற்றைக் கொண்டுவந்து, அழித்து மகளுக்கு ஜிமிக்கி செய்ய வேண்டும் என்றாள். ஒரு ஜோடிக் காப்பு, ஒரு சங்கிலி, அந்த ப்ரோச். கல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், அது சும்மா கல்தானே என்றாள்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்தச் சத்தியத்தை இனி யாரிடம் காப்பாற்றுவது? சரி என்று நான் தலையை ஆட்டினேன். அவர் நான்கு நகங்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அந்த நேரத்தில் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். என்ன மனது பாருங்கள். இல்லாவிட்டால் டீச்சர் பயந்தது சரி, நான் சத்தியத்தைக் காத்ததும் சரி.

இருந்தது. கல்லை எடுத்ததும் லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. விரல் நுனியின் சுழி, ஒரு கோடுகூடக் குறையாமல், நேற்று அழுத்தியதுபோல் இருந்தது. டீச்சரின் மகள் அந்த இடத்தை அரத்தால் தொடவே இல்லை. கல்லை அதற்கு வாகாகத் தேர்ந்தெடுத்து, ரேகையின் மேலேயே வைத்திருக்கிறாள். அம்மாவின் பெருவிரல் பதின்மூன்று வருஷமாகக் கல்லின் விளிம்பில் முட்டிக்கொண்டே இருந்ததே, அதற்கு நெல்லளவு தூரத்தில் அது இருந்திருக்கிறது. பேச்சைக் கேட்காமல் ஒருமுறை கெடுத்தேன். பேச்சைக் கேட்டு இன்னொருமுறை கெடுத்தேன். இதில் எதற்கு அதிகம் அழ வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

டீச்சரின் தம்பி மகள் எட்டிப் பார்த்தாள். "இங்க என்னமோ கீறல் மாதிரி இருக்கே ஆன்டி. பாலிஷ் பண்ணா போயிரும்ல?" என்று கேட்டாள்.

"போயிரும்மா. நல்லாவே போயிரும்" என்றேன்.

அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. ஆனால் லண்டனில் இருந்த அத்தை மகளைச் சின்ன வயதில் ஒன்றிரண்டு முறை பார்த்ததோடு சரியாம், படம்கூட வீட்டில் ஒன்றுதான் இருந்ததாம். மகளுக்கு ஜிமிக்கி வேண்டும், அத்தையின் தங்கத்தில் போட்டால் ஆசீர்வாதமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரு நிமிஷம் அவள் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. மறு நிமிஷம் போய்விட்டது. அவள் சொன்னதில் என்ன தப்பு? கையிலிருந்த என் வளையல்களில் ஒன்றைக் கழற்றித் தராசில் வைத்தேன். காப்பையும் சங்கிலியையும் இதையும் சேர்த்து உருக்கிக்கொள், ப்ரோச்சை எனக்குக் கொடுத்துவிடு என்றேன். எங்கள் கல்யாண வளையல் அது. என் வீட்டுக்காரர் அதன் எடையைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

ஜிமிக்கி அழகாக வந்தது. அதற்கு மெருகு நான்தான் போட்டேன். மெருகு போடலாமா என்று அன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

ப்ரோச் ஒரு வாரம் கல் இல்லாமல் என் வீட்டுக்காரர் மேசை இழுப்பறையில் கிடந்தது. பிறகு ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, கல்லைத் திரும்ப வைத்துவிடவா என்று கேட்டார். டீச்சர் எப்படி விட்டாரோ அப்படியே வையுங்கள் என்றேன். செவ்வந்திக்கல்லை இடத்தில் வைத்து, நகங்களை மடக்கக் குறட்டை எடுத்தவர், சற்று நிறுத்தினார். கல்லை மறுபடி எடுத்துவிட்டு, ப்ரோச்சை என் பக்கம் நகர்த்தினார். மூடுவதற்குள் ஒரு தடவை விரலை வைத்துப் பார்க்கிறாயா என்றார்.

வைக்க ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். அது அம்மா விரலுக்கென்று மகள் விட்டுவைத்த இடம்.